செத்தவர்களுக்கு முதல் பந்தி

"இந்தத் தடவை நான் சாக மாட்டேன்" என்றாள் நெய்தி கவிச்.

ருசெல் தன் கையிலிருந்த ஒலிபெருக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சுன்ஹா கிராமத்தில் படப்பிடிப்புக்கு ஆள் சேர்த்த முதல் நாளே அவன் எல்லோரையும் மைதானத்தில் உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "தண்ணி கேளுங்க, குடுப்பாங்க. நிழல் கேளுங்க, யோசிப்பாங்க. ஒண்ணுக்குப் போகணும்னு கேளுங்க, திட்டிட்டு விடுவாங்க. ஆனா என்னைச் சாகடிக்காதீங்கன்னு மட்டும் எவனும் எவளும் வாயைத் திறக்கக் கூடாது. இன்னிக்கு ஒருத்தி கேட்டா நாளைக்கு ஊரே கேட்கும். அப்புறம் படத்துல யார் சாவா? நானா?"

இப்போது அந்த ஒருத்தி அவன் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் டோப்பா, மூக்கில் பிளாஸ்டிக் எலும்பு, இடுப்பில் கை.

"மெதுவாப் பேசு புள்ள" என்றான் ருசெல். "வாரியத்துக்காரங்க காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டும்னுதான் பேசுறேன்."

படத்தின் பெயர் 'கடைசி மாயனின் கடைசி ரத்தம்'. அதில் நெய்தி ஏற்கெனவே பல விதமாகச் செத்திருந்தாள். பூசாரி அவள் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்துச் சூரியனுக்குக் காட்டினார். பிரமிடின் உச்சியிலிருந்து உருண்டாள். பாதாளக் கிணற்றில் எறியப்பட்டாள். காலையில் ஒரு வீரனால் கொல்லப்பட்டு, மத்தியானம் அதே வீரனின் மனைவியாக வந்து அவன் பிணத்தின் மேல் விழுந்து செத்தாள். டோப்பா மாறும், எலும்பு மாறும், அலறல் மட்டும் மாறாது. அந்த மாதிரி ஓர் அலறலைத் தன் தொழிலில் கேட்டதில்லை என்று ஒலிப்பதிவாளர் உருகியிருந்தார். அவருக்கு என்ன தெரியும்? மெரிதா நகரப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துத் தேறி, வீட்டிலேயே முதல் பட்டதாரியாக ஊர் திரும்பி, இரண்டு மழைக்காலம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவளின் அலறல் வேறு எப்படி இருக்கும்?

இதுவரை செத்ததில் அவளுக்கு வருத்தமில்லை. வயிற்றுக்காக யார்தான் சாகவில்லை? ஆனால் அன்று காலை கடைசிக் காட்சி என்னவென்று சொன்னார்கள். கதாநாயகனான அரசன் ஒருவனைத் தவிர மாயர் குலமே மடிந்து கிடக்கும். அவனும் எரியும் பிரமிடுக்குள் நடந்து போய்விடுவான். 'அந்த இனத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை' என்று பின்னணியில் ஒரு குரல் சொல்லும். படம் முடியும்.

"ஒரே ஒருத்தி பிழைச்சு நடந்து போகட்டும்" என்றாள் நெய்தி. "காட்டுக்குள்ளயோ, ரோட்டுப் பக்கமோ. வசனம் வேண்டாம். முகம்கூட வேண்டாம். முதுகு தெரிஞ்சாப் போதும். ஏன் கேக்குறேன்னா ருசெல், நாம மிஞ்சியிருக்கோம். நீ மிஞ்சியிருக்கே. உன் வீட்டுக் கழிவறைக்கு நேத்துதான் சிமெண்ட் பூசினாங்க."

ருசெல் பெருமூச்சு விட்டான். "இதை நான் டைரக்டர்கிட்ட சொல்ல முடியாது. வாரியத்துக்குத்தான் போகணும்."

"வா, போவோம்."

மாயத் தொன்மை மெய்ம்மை வாரியம் அரசாங்கம் அமைத்தது. படத்தில் வருவதெல்லாம் மெய்யான மாயர்களைப் போலவே இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை. உறுப்பினர்கள் மூவர். மூவரும் மெரிதாவிலிருந்து குளிர்சாதன வண்டியில் வருவார்கள். பெரிய குடையின் கீழே, காற்றாடிக்கு எதிரே அமர்வார்கள். மாயா மொழி மூவருக்கும் தெரியாது. தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது விதி.

வந்த முதல் நாளே வாரியம் சுறுசுறுப்பாக இருந்தது. ஊருக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பழைய பிரமிடு உண்டு. பாதி இடிந்து, ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்வையிட்ட வாரியம், அது போதுமான அளவு மாயத்தன்மையோடு இல்லை என்று முடிவு செய்தது. பக்கத்திலேயே தெர்மக்கோலில் ஒன்று எழுந்தது, அசலைவிட உயரம். அதன் பிறகு மனிதர்களைச் சோதித்தார்கள். நெய்தியின் தாய்மாமன் நசாரியோ கவலையில்லாத மனிதர். பிறந்ததிலிருந்து காட்டுக்குள் நடந்து சோளக்கொல்லைக்குப் போய் வருகிறவர். காட்டில் நடக்கும் சோதனையில் அவர் தோற்றுப்போனார். தலைநகரிலிருந்து வந்த நடன ஆசிரியர் ஒருவர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்: முழங்காலை மடித்து, முதுகைக் கூனி, நாலடிக்கு ஒருமுறை நின்று காற்றை மோந்து பார்க்க வேண்டும்.

"எதுக்குங்க மோந்து பாக்கணும்?" என்று கேட்டார் நசாரியோ.

"ஆபத்தை உணர்றதுக்கு. உங்க முன்னோர்கள் அப்படித்தான் நடந்தாங்க."

"அப்படி நடந்திருந்தா விதைப்பு முடியறதுக்குள்ள மழை முடிஞ்சிருக்குமேங்க."

ஆனாலும் மாமா நன்றாகக் கற்றுக்கொண்டார். இப்போதெல்லாம் கடைக்குப் போகும்போதும் அப்படியே போவார். பெண்கள் பார்த்துவிட்டு, "நசாரியோ, இன்னிக்கு என்ன ஆபத்து? கடன்காரனா?" என்பார்கள். ஊர் சிரித்துக் கிடந்தது. நெய்தி மட்டும்தான் சிரிக்கவில்லை. படிப்பினால் வந்த கேடு அது.

வாரியத்தின் தலைவர் லிசென்சியாதோ ஃபாபியோ அர்சிலா. மெரிதாவில் பட்டம் வாங்கினவர், வாங்கப் போகிறவர், வாங்கப்போவதாக வீட்டில் சொன்னவர் எல்லோரும் லிசென்சியாதோதான். பெண்ணாக இருந்தால் லிசென்சியாதா. அர்சிலா எந்தப் பட்டத்தை எப்போது வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை. பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த நெய்தியை அந்தப் படப்பிடிப்பில் 'ஏ பொண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"சொல்லு பொண்ணே" என்றார் அர்சிலா. அன்பான மனிதர். எதிரில் இருப்பவர் பேசும்போது கண்களை மூடிக்கொள்வார். கேட்டு முடித்ததும் திறந்தார்.

"வாரியம் உணர்ச்சிகளை மதிக்குது. ஆனா மாயர்கள் மறைஞ்சு போனாங்க. அது உலகத்துக்கே தெரியும். அமெரிக்காவுல மூணாங் கிளாஸ் படிக்கிற குழந்தையைக் கேட்டாச் சொல்லும்."

"மறைஞ்சு எங்கே போனோம் லிசென்சியாதோ?"

"அதுதான் மர்மம்! அந்த மர்மத்தைப் பாக்கத்தான் வருஷா வருஷம் வெளிநாட்டுக்காரங்க விமானம் ஏறி வர்றாங்க. கடற்கரை ஹோட்டல்ல தங்கறாங்க. அங்கே அவங்களுக்குப் படுக்கை விரிக்கிறது யாரு?"

"என் சித்தி பொண்ணு."

"பாத்தியா? மாயர்கள் மறைஞ்சு போனதாலதான் உன் சித்தி பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு. மறையாம இருந்திருந்தா அவ கதி என்ன? நன்றி வேணும்மா."

நெய்தி மூக்கு எலும்பைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நான் உங்க கண் முன்னாடி நிக்கிறேனே."

"நீ நிக்கிறது உன் தனிப்பட்ட விஷயம். நான் பேசறது நாகரிகத்தைப் பத்தி."

பக்கத்திலிருந்த உறுப்பினர், கழுத்து நிறையப் பச்சைக்கல் மாலை போட்ட அம்மாள், கனிவோடு குனிந்தாள். "உனக்கு மாயா பேசத் தெரியுமா கண்ணு?"

"வீட்ல அதுதான்."

"பழைய எழுத்துப் படிப்பியா?"

"கொஞ்சம் படிப்பேன். பல்கலைக்கழகத்துல சொல்லிக் குடுத்தாங்க."

அம்மாள் நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தாள். "அப்ப இவ மாயா இல்லே. மாயா நிபுணர். ஒரு நிபுணரை நாம இத்தனை நாளாப் பலி குடுத்திருக்கோம். இது முறைகேடு."

அரை மணி நேரம் அதைப் பற்றி விவாதம் நடந்தது. நிபுணராக இருந்தால் சாகத் தேவையில்லை, ஆனால் நடிக்கவும் முடியாது. மாயாவாக இருந்தால் நடிக்கலாம், ஆனால் செத்தாக வேண்டும். மூன்றாவது உறுப்பினர் தூங்கிக்கொண்டிருந்ததால் சமமான வாக்குகள் விழுந்தன.

"என் ஆய்வேடே நாங்க மறையலைங்கறதைப் பத்தித்தான் லிசென்சியாதோ" என்றாள் நெய்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்க கொள்ளுத்தாத்தன் காலத்துல பண்ணையாருங்களை எதிர்த்து இந்தக் காடு பூரா எழுந்து நின்னுச்சு. ஐம்பது வருஷத்துக்கு மேல சண்டை போட்டாங்க. எத்தனையோ பேர் செத்தாங்க. அவங்க யாரு?"

"நீயே சொல்லு."

"மாயர்கள்."

"மாயர்கள் அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே மறைஞ்சுட்டாங்களே! எப்படிம்மா மறுபடியும் சாவாங்க? ஒரே ஆள் ரெண்டு தடவை சாக முடியாது. இதுதான் வரலாற்றோட முதல் பாடம். உனக்குச் சொல்லிக் குடுக்கலையா?"

"இந்தப் படத்துல நான் வாரத்துக்கு நாலு தடவை சாகிறேன்."

"அது கலை."

இந்த இடத்தில் இயக்குநர் டால்ட்டன் வந்தார். செக்கச் சிவந்த, நல்ல மனிதர். யாராவது செத்து விழுந்தால் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். அவர் ஆங்கிலத்தில் பேசுவதை உதவியாளர் ஸ்பானியத்தில் சொல்வார். அதை ருசெல் ஊர்க்காரர்களுக்கு மாயாவில் சொல்வான். ஒரு நாகரிகத்தின் அஸ்தமனத்தைப் பற்றி இயக்குநர் கண்கலங்கப் பத்து நிமிடம் பேசினால், அது ருசெலிடம் வந்து சேரும்போது "படுங்க" என்று ஆகிவிடும்.

நெய்திக்கு ஆங்கிலமும் தெரிந்ததால் அவர் நேரடியாகப் பேசினார். "உன் கோபம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒருத்தி பிழைச்சுட்டா, படம் பாக்கிறவன் 'அப்பாடா'ன்னு எழுந்து போயிடுவான். எல்லாரும் செத்தாத்தான் அழுவான். உலகம் உங்களுக்காக அழ வேண்டாமா?"

"அழறவங்களை இங்கே அனுப்புங்க. எங்க ஊர்ல பஸ் வர்றதில்லைன்னு சொல்றேன், அதுக்கும் அழட்டும்."

இயக்குநர் சிரித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. யோசனை வந்தால் அவர் முகம் அப்படித்தான் மலரும். அதைக் கண்டால் ஊர்க்காரர்கள் பின்வாங்குவார்கள்.

"உனக்குத் தனியா ஒரு சாவு தர்றேன்! கடைசிப் பிணம் நீதான். நெஞ்சுல அம்பு. முகத்துக்குப் பக்கத்துல கேமரா. மெதுவாக் கண்ணை மூடுறே. உன் கண் மூடறதோட ஒரு இனமே மூடுது!"

வாரியம் கைதட்டியது. தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினரும் எழுந்து கைதட்டினார். சாகக் கூடாது என்று கேட்டவளுக்குப் பதவி உயர்வோடு சாவு கிடைத்தது.

மற்றவர்கள் போனதும் அர்சிலா அவளை நிறுத்தினார். "கேளு பொண்ணே. எங்க அலுவலகத்துல துணை மெய்ம்மை ஆய்வாளர் இடம் ஒண்ணு காலி. நிரந்தர வேலை. மேசை, நாற்காலி, குளிர்சாதனம். வாரியத்துல ஒரு மாயா முகம் இருந்தா நல்லா இருக்கும்னு மேலிடத்துல அபிப்பிராயம்."

"மறைஞ்சு போனவங்க முகமா?"

"அலுவலகத்துல இருக்கலாம்மா. படத்துலதான் இருக்கக் கூடாது. கடைசிக் காட்சியில ஒழுங்காச் செத்துக் காட்டு. திங்கட்கிழமை வந்து சேந்துக்கோ. உன் மாதிரிப் படிச்ச பொண்ணு இனிமே வெயில்ல கிடந்து சாக வேண்டாம்."

இத்தனை நாள் அவள் ஏறி இறங்காத அலுவலகமில்லை. மேசையோடு ஒரு வேலை என்பது அவள் வீட்டில் யாருக்கும் எப்போதும் வாய்க்காத ஒன்று. அது இப்போது ஒரு கண்மூடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கடைசிக் காட்சிக்கு இயக்குநர் குறித்த நாளைக் கேட்டதும் ஊரில் சலசலப்பு எழுந்தது. செத்துப்போன பெரியவர்களின் ஆன்மாக்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாள் அது. அன்று ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் குழி தோண்டி, கல்லைச் சுடவைத்து, சோளமாவில் கோழியும் சிவப்புக் குழம்பும் வைத்து வாழையிலையில் பொதிந்த பிப் என்ற அப்பத்தைப் புதைப்பார்கள். உச்சிவேளைக்குக் குழியைத் திறக்க வேண்டும். ஆன்மாக்கள் ஆவியைத்தான் சாப்பிடும். ஆறிப்போனால் பட்டினியாகத் திரும்பிவிடும். செத்தவர்கள் உண்ட பிறகே மற்றவர்களுக்கு.

நசாரியோ மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாரியத்தின் முன் நின்றார். "வேற நாள் வச்சுக்கலாமேங்க லிசென்சியாதோ."

அர்சிலா கண்களை மூடிக் கேட்டார், திறந்தார். "இதுல கோழி வருதா?"

"கோழி இல்லாம பிப் எப்படிங்க?"

"கோழி ஸ்பெயின்காரன் கொண்டுவந்தது. ஆகவே இது மெய்யான மாய வழக்கம் இல்லே. வாரியம் இதைக் கணக்குல எடுத்துக்க முடியாது. அதுவும் செத்தவங்க எழுந்து வீட்டுக்குச் சாப்பிட வர்றதுங்கறது…" அவர் உதட்டைப் பிதுக்கினார். "படத்தோட நம்பகத்தன்மை கெட்டுடும்."

"சரிங்க" என்றார் நசாரியோ. "ஆனா உச்சிக்குள்ள எங்களை விட்டுடணும்."

"உச்சிக்குள்ள உலகமே முடிஞ்சிடும்" என்று இயக்குநர் வாக்குக் கொடுத்தார்.

முந்தின நாள் சாயங்காலம் நெய்தியின் அம்மா பசிலியா கொல்லையில் உட்கார்ந்து வாழையிலையைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் பலகாரம் விற்று மகளைப் படிக்க வைத்தவள். படத்தில் நடிக்கக் கூப்பிட்டதற்கு, "எப்படியும் ஒரு நாள் சாகத்தான் போறேன், அதுக்கு ஒத்திகை எதுக்கு?" என்று சொல்லிவிட்டவள்.

நெய்தி வேலையைப் பற்றிச் சொன்னாள். அம்மாவின் கை நின்றது.

"மேசையோடயா?"

"மேசையோட."

"அப்ப என்னடி யோசனை? போய்ச் செத்துட்டு வா. இத்தனை தடவை சும்மா செத்தே. இன்னும் ஒரே ஒரு தடவை. அப்புறம் ஆயுசுக்கும் குளுகுளுன்னு உக்காந்திருக்கலாம்."

"அங்கே உக்காந்து என்ன வேலைன்னு தெரியுமாம்மா? நாம யாரும் இல்லைன்னு எழுதித் தர்ற வேலை. வர்றவங்ககிட்ட என் மூஞ்சியைக் காட்டி, பாருங்க, மாயர்களே ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க."

பசிலியா ஒரு இலையைப் புரட்டிப் போட்டாள். புகை கண்ணில் பட்டது. முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள்.

"நாம யாரும் இல்லைன்னா, இவ்வளவு மாவு நான் யாருக்குடி பிசைஞ்சேன்?" என்றாள். அடுத்த இலையை எடுத்துக்கொண்டே, "அந்த வாரியத்து ஆளுக்கும் ஒரு துண்டு குடுத்துப் பாரு. பசியில உளறுறானோ என்னவோ."

"அம்மா!"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? படிச்சவ நீ. எனக்கு நீ வெயில்ல நிக்கக் கூடாது, அவ்வளவுதான். மத்ததை நீ பாத்துக்கோ."

காலையில் கிளம்பும்போது அம்மா சிவப்பு நூலை எடுத்து வந்து அவள் மணிக்கட்டில் கட்டினாள். ஆன்மாக்கள் வந்து போகும் நாட்களில் குழந்தைகளைக் கையோடு கூட்டிப் போய்விடாமலிருக்க அப்படிக் கட்டுவது வழக்கம். உயிரோடு இருப்பது யார் என்று அதைப் பார்த்துத்தான் அவை தெரிந்துகொள்ளும்.

"நான் என்ன குழந்தையா?"

"இன்னிக்குப் பூரா பொணமாக் கிடக்கப் போறே. வர்றவங்க குழம்பிடுவாங்க. பேசாம கையை நீட்டு."

நெய்தி நீட்டினாள். பிறகு உள்ளே போய், படப்பிடிப்பில் கொடுத்த கயிற்றுச் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, தன் கேன்வாஸ் ஷூவை எடுத்து மாட்டி நாடாவை இறுக்கக் கட்டினாள். அம்மா பார்த்தாள். பிறகு குழிக்கு விறகு எடுக்கப் போனாள்.

மைதானத்துக்குப் போனால், அம்மாவுக்கு வந்த யோசனை ஊரில் எல்லாத் தாய்மார்களுக்கும் வந்திருந்தது. நரைத்த மீசைக்காரர்கள்கூட மணிக்கட்டில் சிவப்பு நூலோடு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். வாரியம் பதறியது. அறுக்கச் சொன்னது. "உயிர் போனாலும் அறுக்க மாட்டோம்" என்றார்கள் பிணங்கள். அவசரக் கூட்டம் நடந்தது. மணிக்கட்டில் உள்ளது நூல் அல்ல, காயம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ருசெல் மட்டும் நெய்தியின் காலைப் பார்த்தான். "என்ன புள்ள இது? நாடா வச்ச ஷூ?"

"முகத்துக்குத்தானே கேமரா. கால் தெரியாது."

"அதுக்கில்ல…" அவன் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு, "படுங்க!" என்று கத்தியபடி போய்விட்டான்.

ஊர் படுத்தது. தெர்மக்கோல் பிரமிடைச் சுற்றி, ஒருவர் மேல் ஒருவர், சாயம் பூசிக்கொண்டு, சுன்ஹா கிராமமே மாண்டு கிடந்தது. நெய்தி முன்னால், நெஞ்சில் அம்போடு. பிரமிடு ஒரே தடவைதான் எரியும்; ஆகவே ஒரே டேக். இயக்குநர் இதை மும்முறை சொன்னார். "படுங்க" என்று ருசெல் மும்முறை மொழிபெயர்த்தான்.

ஆனால் அரசனுக்கு அழுகை வரவில்லை. கடற்கரையில் வளர்ந்த, நீலக்கண் உடைய, மலைபோன்ற தோள்களைக் கொண்ட அந்த நடிகர் மிகவும் முயன்றார். தன் நாய் செத்ததை நினைத்துப் பார்த்தார். கண்ணில் மருந்து விட்டார்கள்; கண் வீங்கியது. வீக்கம் இறங்கக் காத்திருந்தார்கள். அதற்குள் வெயில் ஏறியது. பிணங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தன.

"பெரியவரே, முழங்கையை எடுங்க. விலாவுல குத்துது."

"நான் எங்கே எடுக்கறது? என் மேல உங்க சம்பந்தி கிடக்கிறார்."

"யாருங்க அது சிரிக்கிறது? செத்துட்டுச் சிரிக்காதீங்க!"

உச்சி நெருங்கியது. மாதா கோயில் மணி அடித்தது. ஊர்ப்பக்கமிருந்து காற்று திரும்பியது. முதலில் புகை. பிறகு வாழையிலை. பிறகு, குழிமேல் போட்ட மண்ணைக் கிளறினால் மட்டுமே எழும் அந்த மணம்: மாவும் கோழியும் கல்லின் சூடும் ஒன்றாகச் சேர்ந்தது. மாண்டு கிடந்த ஒரு நாகரிகம் எச்சில் விழுங்கியது.

"பசிலியா குழியைத் திறந்துட்டா" என்றார் நசாரியோ, கண்ணைத் திறக்காமலே. "உங்கம்மா கை மணம், தெரியுது பாரு."

"பேசாதீங்க மாமா."

"நான் ஏன் பேசக் கூடாது? இன்னிக்குச் செத்தவனுக்குத்தான் முதல் பந்தி. உயிரோட இருக்கறவன்தான் வாயை மூடிக்கிட்டுக் காத்திருக்கணும்."

அப்போது அரசனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மணம் அவரையும் தாக்கியிருக்க வேண்டும். காலையிலிருந்து அவருக்கு அவித்த முட்டையின் வெள்ளை மட்டும்தான். "கொளுத்துங்க!" என்று இயக்குநர் கத்தினார். தெர்மக்கோல் பற்றிக்கொண்டது. கேமரா நெய்தியின் முகத்துக்கு வந்தது. கேமராவுக்குப் பின்னால் அர்சிலா கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்: மேசை, நாற்காலி. விரல்களால் காற்றில் கட்டம் போட்டுக் காட்டினார். நடிகர்களுக்கு உணர்ச்சி வரட்டும் என்று பின்னணிக் குரலையும் ஒலிபெருக்கியில் அப்போதே வாசித்தார்கள்.

"…அந்த இனத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை."

அவள் இப்போது கண்ணை மூட வேண்டும்.

நெய்தி எழுந்து உட்கார்ந்தாள். டோப்பாவைக் கழற்றினாள்; காலையில் அவள் அதற்கு ஊசி குத்தாமல் விட்டிருந்ததால் லேசாக வந்துவிட்டது. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

இயக்குநர் 'கட்' சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிரமிடு எரிந்துகொண்டிருந்தது. மீண்டும் எரியாது.

"எங்கே புள்ள?" என்றார் நசாரியோ கீழேயிருந்து.

"வீட்டுக்கு மாமா. பசிக்குது."

அவள் கேமராவைத் தாண்டவில்லை; அதற்கு எதிரிலேயே குறுக்காக, ஊர்ப்பாதையை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, குனியவில்லை, காற்றை மோந்து பார்க்கவில்லை. கேமராக்காரன் பழக்கதோஷத்தில் அவளைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பினான். அசைவது எதுவோ அதைப் படம் பிடித்தே பழகிய கை.

அர்சிலா ருசெலின் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "ஏ பொண்ணு! நில்லு! நீ செத்துட்டே! செத்தவ எழுந்து போகக் கூடாது!"

அவள் நடந்தாள்.

"திங்கட்கிழமையை நினைச்சுப் பாரு!"

திங்கட்கிழமையை அவள் இன்று காலையே நினைத்துப் பார்த்து முடித்திருந்தாள், ஷூ நாடாவைக் கட்டும்போதே. மேசையில்லாத திங்கட்கிழமைதான் வரும். இதற்கு முன்னும் வந்திருக்கிறது.

முதுகுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். யாரோ, "மெதுவா, என் கை மரத்துப் போச்சு" என்றார்கள். ஒரு நாகரிகம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு எழுந்திருந்தது.

"வரலாறு கெட்டுப் போகுது!" என்று அர்சிலா அலறினார்.

"அது கெட்டு ரொம்ப நாளாச்சுங்க" என்றது நசாரியோவின் குரல். "பிப் ஆறிடக் கூடாது."

அதன் பிறகு ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்தது. அர்சிலாவின் குரல் தாழ்ந்து, கெஞ்சியது. "லிசென்சியாதா! லிசென்சியாதா கவிச்! தயவுசெஞ்சு!"

படித்து முடித்த நாளிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்த சொல் அது. மைதானம் முழுக்க எதிரொலித்து, நிஜப் பிரமிடின் பாறையில் பட்டுத் திரும்பி இன்னொரு முறையும் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது.

நெய்தி திரும்பவில்லை. மணிக்கட்டில் சிவப்பு நூலும் நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்த அம்புமாக, புகை வரும் திசையில் நடையை எட்டிப் போட்டாள்.